ஒரே ஜாப், வேறு வேறு சிபியு நொடி: எந்தக் கணக்கை நம்புவது?

குளுவாங்கில் உட்கார்ந்துகொண்டு கோலாலம்பூர் மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினியில் தோட்டச் சம்பளப் பட்டியல் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஜேசிஎல் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளைகள்) அதேதான், லோடு மாட்யூலும் (ஓடத் தயாரான புரோகிராம்) அதேதான், செம்பனை எடைச்சீட்டுக் கோப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. ராத்திரி ஓட்டினால் ஒரு சிபியு நேரம் (பிராசசர் இந்த ஜாப்புக்குச் செலவிட்ட நொடி), காலை பதினொரு மணிக்கு வேறொன்று. புரோகிராமைத் திருத்தியது பலித்ததா என்று எதை வைத்துச் சொல்வது? வழி மூன்று. நாங்கள் எடுத்தது மூன்றாவது.

முதல் வழி, எஸ்எம்எஃப் 30 ரெகார்டில் (ஒவ்வொரு ஜாப்புக்கும் சிஸ்டம் எழுதிவைக்கும் கணக்கு) உள்ள சிபியு நொடியை அப்படியே ஒப்பிடுவது. செலவில்லை. டிபார்ட்மென்டுகளுக்குச் செலவைப் பிரித்துப் போட இதுவே சரி. ஆனால் மேலே சொன்ன தலைவலி அப்படியே இருக்கும்.

இரண்டாவது, சந்தடி இல்லாத நேரத்தில் பலமுறை ஓட்டி ஆகக் குறைந்ததை எடுப்பது. பரவாயில்லைதான். ஆனால் நம் எல்பார் (ஒரே பெட்டியைப் பிரித்து நமக்குத் தந்த பங்கு) தூங்கினாலும் அதே பெட்டியில் பக்கத்து எல்பார் தூங்குகிறதா என்பது நம் கையில் இல்லை.

மூன்றாவது, ஜாப் ஓட்டிய இன்ஸ்ட்ரக்‌ஷன்களை எண்ணுவது. விஷயம் இங்கேதான். கேஷில் (பிராசசருக்குப் பக்கத்திலுள்ள சிறு வேக நினைவகம்) டேட்டா கிடைக்காமல் மெமரிக்காகப் பிராசசர் காத்திருந்தாலும் சிபியு கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 5.2 கிகாஹெர்ட்ஸ் இசட்15 மெயின்ஃபிரேமில் ஒரு ஜாப் 100 பில்லியன் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓட்டுகிறது என்று வையுங்கள். ஒன்றுக்குச் சராசரி 2 சைக்கிள் என்றால் சுமார் 38.5 நொடி. பகலில் மற்ற வேலைகள் கேஷைப் பிடுங்கி அது 2.6 ஆனால் 50 நொடி. செய்த வேலையோ ஒன்றேதான். பெட்டியை எல்பார்களுக்குப் பங்கிடும் பிஆர்/எஸ்எம் நம் லாஜிக்கல் பிராசசரை வேறு கோருக்கு மாற்றினாலும் கேஷ் ஆறிப்போய் இதே கதைதான்.

இந்த எண்ணிக்கை 30 ரெகார்டில் வர, எச்ஐஎஸ் (வன்பொருள் கவுன்டர்களைத் திரட்டும் வேலை) ஓட வேண்டும், அதில் பேசிக் கவுன்டர் எடுக்கப்பட வேண்டும், எஸ்எம்எஃப் அமைப்புகள் உள்ள பார்ம்லிப் மெம்பரில் எஸ்எம்எஃப்30கவுன்ட் (SMF30COUNT) இருக்க வேண்டும். தானாக வராது, கேட்டால்தான் வரும். ஐபிஎல்லுக்குப் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது) பின் எச்ஐஎஸ்ஸைத் தொடங்க மறப்பது சாதாரணம். தானியங்கிக் கட்டளையில் சேர்த்துவிடுங்கள். இதை எஸ்எம்எஃப் 113 ரெகார்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பிராசசர் வாரியான கணக்கு, ஜாப் பெயர் அதில் கிடையாது.

ஜிப் (zIIP, சில வகை வேலைக்கான தனிப் பிராசசர்) நிரம்பினால் அதன் வேலை பொதுப் பிராசசருக்கு வழியும். ஆகவே இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்.

எண்ணிக்கையும் கல்லில் வெட்டியதல்ல. சார்ட்டுக்கு (ரெகார்டுகளை வரிசைப்படுத்தும் ஸ்டெப்) அன்று கிடைத்த மெமரி குறைந்தால் அது வேறு வழியில் போகும். விசாம் கோப்பில் சிஐ பிளவுகள் (இடம் போதாமல் டேட்டா தொகுதி இரண்டாகப் பிரிவது) கூடினால் எண்ணும் கூடும். ஜாவா ஜாப் என்றால் ஜிட் கம்பைல் (ஓடும்போதே மொழிபெயர்ப்பது) வேறு குறுக்கே நிற்கும். எங்களிடம் அநேகமாக எல்லாமே கோபால் (COBOL) மொழிதான் என்பதால் அந்தப் பக்கம் அடித்துச் சொல்லத் துணியவில்லை. சார்ட் ஸ்டெப்பைத் தனியே பிரித்து, மீதி ஸ்டெப்புகளுக்கு கோப்பில் உள்ள ஒரு ரெகார்டுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று வகுத்துப் பாருங்கள். போனஸ் மாதத்தையும் சாதாரண மாதத்தையும் அப்போதுதான் பக்கத்தில் வைக்க முடியும்.