பிஜி_டம்ப், பிஜி_ரீஸ்டோர்: ஏழு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன மாதம் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையின் பில்லிங் சர்வரில் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் மாட்டி, போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருளில் இருந்த டேட்டாபேஸைப் பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். அதன் பேக்கப்பைக் கோப்பாக எடுக்கும் கருவி பிஜி_டம்ப், அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றுவது பிஜி_ரீஸ்டோர். அதைக் கேள்விப்பட்ட நண்பர், "எங்க ஆபீஸுக்கும் பிஜி_டம்ப் போதுமாண்ணா?" என்று கேட்டார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இது.

டம்ப் எடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழு வருடமாக இரவு ஒரு மணிக்கு ஓடுகிறது. தீபாவளி சமயத்தில் அந்நேரத்திலும் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். யாரையும் அது நிறுத்தியதில்லை. தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே கோப்பில் இறங்கும். பில் இருக்கிறது, அதன் சரக்கு வரிகள் இல்லை என்ற குழப்பம் வராது. டேபிளின் அமைப்பை மாற்றுகிறவர்தான் டம்ப் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இன்டெக்ஸை (டேபிளில் வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்றது) அப்படியே எழுதாமல் அதை உருவாக்கும் கட்டளையை மட்டும் எழுதுவதால், கஸ்டம் என்ற கோப்பு வடிவத்தின் சுருக்கமும் சேர்ந்து, 40 ஜிபி டேட்டாபேஸ் 6 ஜிபி கோப்பாகிவிடுகிறது. இப்படி ஒரு கருவி இலவசமாகக் கிடைப்பதை இன்றும் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

என் கோபமெல்லாம் ரீஸ்டோர் மீதுதான். வழியில் பிழை வந்தால் பிஜி_ரீஸ்டோர் நிற்காது. பிழையைத் திரையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடைசியில், இத்தனை பிழைகளைப் பொருட்படுத்தவில்லை என்று ஒற்றை வரி. அன்று எனக்கு வந்த எண் 61. இரவு பதினொன்றரை மணிக்கு அந்த வரியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. எந்த 61? பில் போனதா, ஸ்டாக் போனதா?

மேலே ஏறி ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாமே ஒரே காரணம்: ரோல், அதாவது டேட்டாபேஸின் பயனர் கணக்கு, இல்லை. பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். பயனர்களும் கடவுச்சொற்களும் சர்வர் முழுமைக்கும் பொதுவானவை, அதில் வராது. அவற்றை பிஜி_டம்ப்ஆல் கொண்டு, குளோபல்ஸ்-ஒன்லி என்று கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும். பழைய சர்வரில் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் அதே டிஸ்கில். டேபிள்கள் எல்லாம் வந்திருந்தன, உரிமையாளர் மட்டும் மாறியிருந்தார். பில்லிங் மென்பொருள் உள்ளே வந்து, அனுமதி இல்லை என்று திரும்பிப் போனது.

அதைச் சரிசெய்து ஒரு மணிக்குப் படுத்தேன். காலையில் கடையிலிருந்து போன்: நாலு செகண்டில் வரும் பாக்கிப் பட்டியல் பத்து நிமிடமாக வரவில்லை. எந்த வழியில் தேடினால் வேகம் என்று முடிவுசெய்ய போஸ்ட்கிரெஸ் பார்க்கும் டேபிள் புள்ளிவிவரம் எங்களிடமுள்ள பதிப்பின் டம்பில் வராது. ரீஸ்டோருக்குப் பிறகு அதைப் புதிதாகச் சேகரிக்க அனலைஸ் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். ஆட்டோவேக்யூம் என்ற பின்னணி வேலை அதைத் தானாகச் செய்யும்தான், ஆனால் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடும் என்று நம்ப முடியாது. அனலைஸ் ஓட்டினேன், பட்டியல் வந்தது.

இவை எல்லாம் ஆவணத்தில் எழுதியிருப்பவைதான், மறுக்கவில்லை. பிழை வந்தவுடன் நிற்க எக்ஸிட்-ஆன்-எரர் இருக்கிறது. ஒரே டிரான்சாக்ஷனில் எல்லாம் ஏறட்டும், இல்லையேல் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லலாம். என் கேள்வி வேறு: நிற்பதுதானே இயல்பாக இருந்திருக்க வேண்டும்? பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் மனிதன் பெரும்பாலும் தூக்கமும் நிதானமும் இல்லாத நேரத்தில்தான் ஏற்றுகிறான். அப்புறம் ஒரு டேபிளை மட்டும் திரும்ப ஏற்றலாம் என்று பிஜி_ரீஸ்டோருக்கு டேபிள் பெயரைக் கொடுத்தால், இன்டெக்ஸ் இல்லாமல் வெறும் டேபிள் வரும். அதுவும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்தது.

சரி, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையாக நாலு வேலைகளாகப் பிரித்து ஏற்றியபோது 50 நிமிடத்தில் முடிந்தது. முந்தைய இரவின் ஒரு பில்கூடக் குறையவில்லை. குறைந்தது டிஸ்க் போன அன்று பகலில் போட்டவை மட்டும். அவற்றைக் காகித நகலிலிருந்து கடைப் பெண்கள் இருவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினார்கள்.

நண்பருக்கு என் பதில்: போதாது, டம்ப்புக்குப் பிறகு போட்டவை போய்விடும். பிஜி_பேஸ்பேக்கப் கொண்டு சர்வர் முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும், 16 எம்பி கோப்புகளாக வரும் வால் (WAL) பதிவுகளை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். கடையில் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன். இரவு ஒரு மணி டம்ப்பையும் நிறுத்தவில்லை. ரோல் கோப்பு இப்போது வேறு கணினிக்குப் போகிறது.