பாத்திரப் படம் எடுக்கக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் எங்களுக்குப் பாத்திரப் பட்டறை. பித்தளை, செம்பு இரண்டும் செய்கிறோம். அப்பாவும் பெரியப்பாவும் சுத்தியல் பிடிக்கிறார்கள், விற்பனையை நான் பார்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் 60 உருப்படிகளுக்குப் படம் எடுத்துத் தரச் சொல்லி கோவையில் ஒரு ஸ்டுடியோவிடம் கொடுத்து ஏமாந்தேன். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்கள் அதே ஆளிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

படத்துக்கு 150 ரூபாய், மொத்தம் 9,000 என்று பேச்சு. முன்பணம் 5,000 கொடுத்தேன். "ஒவ்வொண்ணையும் தனித்தனியா லைட் வெச்சு எடுத்துத் தர்றோமுங்க" என்றார். பாத்திரங்களைச் சாக்கில் சுற்றி டெம்போவில் கொண்டுபோய் இறக்கினோம். நான்காம் நாளே படங்கள் வந்துவிட்டன. 60 பாத்திரத்தைத் துடைத்து, விளக்கை மாற்றி மாற்றி எடுக்க அந்த நாள் போதாது. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கைபேசியில் எல்லாம் பளபளவென்று இருந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செம்புக் குடத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது நம்ம குடமா?"

"நம்ம குடந்தானுங்கப்பா."

"அப்புறம் அடிச்ச அடியெல்லாம் எங்க போச்சு?"

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படங்களை விற்பனைக்காக இணையத்தில் ஏற்றிவிட்டேன். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து சீருக்கு 11 செம்புக் குடம் கேட்டார்கள், அனுப்பினோம். 11 குடமும் திரும்பி வந்தன. "படத்துல கண்ணாடியாட்ட இருந்துச்சுங்க, வந்ததுல பூரா குழி குழியா இருக்குதுங்க" என்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. அந்தக் குழி ஒவ்வொன்றும் பெரியப்பாவின் சுத்தியல் விழுந்த இடம். எங்கள் குடத்துக்கு விலையே அதில்தான். அதைத் துடைத்து எடுத்துவிட்டு மழமழவென்று வேறொரு குடத்தை அந்த ஆள் காட்டியிருக்கிறார். போக வர வண்டி வாடகை எங்கள் தலையில்.

அன்று ராத்திரி படங்களைக் கணினியில் திறந்து, பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒரு பொருளை உலோகம்போலக் காட்டுவது போட்டோஷாப்பில் பழைய பாடம். உலோகத்தின் மேல் நமக்குத் தெரிவது பெரும்பாலும் சுற்றி இருப்பதன் பிரதிபலிப்புதான். அதனால்தான் கருப்புப் பட்டைக்கு ஒட்டினாற்போல வெளிச்சப் பட்டை வரும். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ் கோட்டை அலைபோல ஏற்றி இறக்கினால் அந்தப் பட்டைகள் தானாக வந்துவிடும். மேலே, இருட்டிலிருந்து வெளிச்சம் வரை வரிசையாக நிறம் ஏற்றுகிற கிரேடியன்ட் மேப்பில் பழுப்பிலிருந்து மஞ்சள் வரை கொடுத்தால் பித்தளை, சிவப்புப் பக்கம் தள்ளினால் செம்பு. போஸ்டரில் தங்க எழுத்து வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம், அது நல்ல வேலை. விற்கிற பாத்திரத்தின் மேல் செய்தால் வாங்குகிறவர் வேறொரு பொருளைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்.

மாட்டிக்கொடுத்தது தூக்குப்போசி மூடி. கடைசலில் பிடித்த மூடியில் மெல்லிய கோடுகள் நடுவைச் சுற்றி வட்டம் வட்டமாக ஓடும். அதன் மேல் வெளிச்சம் பட்டால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறிபோல விரியும். படத்தில் கோடுகள் இடமிருந்து வலமாக நேராக ஓடின. நாய்ஸ் என்கிற புள்ளிகளைத் தூவி, மோஷன் பிளரில் ஒரே பக்கமாக இழுத்து மங்கலாக்கினால் வருகிற கோடு அது, எவர்சில்வர் தகட்டுக்குப் பொருந்தும். வட்ட மூடிக்கு நடுவைச் சுற்றி வட்டமாக இழுக்கிற ரேடியல் பிளர் ஸ்பின் கொடுத்திருக்க வேண்டும். பொய்யைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

அப்புறம் அந்த ஜன்னல். 14 படங்களில் ஒரே ஜன்னல் பிரதிபலிப்பு, ஒரே அளவில், ஒரே சாய்வில். அண்டாவின் வயிற்றில் ஜன்னல் வளைந்து விழ வேண்டும், டம்ளரில் ஒடுங்கி நீள வேண்டும். இரண்டிலும் ஒன்றுபோல ஒட்டியிருந்தது. குத்துவிளக்கில் மினுக்கம் விழுந்த இடமெல்லாம் சுத்த வெள்ளை. பித்தளை தன் மேல் விழுகிற வெளிச்சத்துக்கும் தன் மஞ்சளை ஏற்றிவிடும். நடுவில் வெளிச்சம் மிஞ்சி வெளுத்தாலும் ஓரம் மஞ்சளாகத்தான் மங்கும். மஞ்சளின் மேல் ஓரம்வரை வெள்ளையாகவே மினுக்கம் இருந்தால் கண்ணுக்குப் பிளாஸ்டிக்காகத்தான் தெரியும்.

கடைசியாகப் பார்த்தது பித்தளைச் சொம்பும் செம்புச் சொம்பும். இரண்டு படத்திலும் கழுத்துக்குக் கீழே ஒரே கீறல், ஒரே நீளம். எங்கள் செம்புச் சொம்பில் கீறலே கிடையாது. அதை அவர் படமே எடுக்கவில்லை, பித்தளைச் சொம்பின் நிறத்தை மாற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்.

போனில் கேட்டேன். "எல்லாரும் இப்படித்தானுங்க பண்றாங்க, கஸ்டமருக்கு ஷைனிங்தானுங்க வேணும்" என்றார். கேமராவில் எடுத்த ஒரிஜினலையாவது கொடுங்கள் என்றேன், அழிந்துவிட்டதாம். செய்த மாற்றங்கள் லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காகத் தனியே இருக்கிற போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலும் கிடையாதாம். கையில் இருப்பது ஜேபெக் மட்டும். லேயர்கள் எல்லாம் அதில் ஒன்றாகிவிடும், மேலே பூசியதைப் பிரித்து எடுக்க வழியில்லை. மீதி 4,000 நான் கொடுக்கவில்லை. முன்பணம் இன்னும் திரும்பவில்லை.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே ஒரிஜினல் ஃபைலும் பிஎஸ்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக இறக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பாத்திரம் கொடுத்துப் பாருங்கள், அதுவும் சுத்தியல் அடி உள்ளதாகக் கொடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் தனியாக ஒரு வெளிச்சப் புள்ளியும் ஒரு நிழலும் இருக்கும். ஃபில்டரால் அவ்வளவையும் ஒழுங்காகக் கொண்டுவர முடியாது, மழுங்கிப் போய்விடும்.

இப்போது நாங்களே எடுக்கிறோம். காலை வெயிலில், பட்டறை வாசலில், பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மிருதுவாக்குகிறோம். விளிம்பு தெரிய ஓரத்தில் ஒரு கருப்பு சார்ட் அட்டை. பெரியப்பாதான் அட்டையை நகர்த்தி நகர்த்திப் பிடிக்கிறார், எந்த இடத்தில் அடி எடுத்துத் தெரியும் என்று அவருக்குத்தான் தெரிகிறது. பிறகு ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் தூசியை எடுத்து, நிறத்தைக் கையில் இருக்கிற பாத்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். 23 முடிந்திருக்கிறது, மீதி பொங்கலுக்குள் முடியும். பழைய படங்கள் 60-ஐயும் நீக்கிவிட்டேன்.

தெருவில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் பட்டறைக்கு வாருங்கள். அந்த இரண்டு சொம்புப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.