பெருங்காயமா, இறைச்சியா, மூத்திரமா: கொயோட்டி எதற்கு மசியும்?

அமெரிக்காவில் கொயோட்டிக்குப் பொறி வைக்கிறவர்களின் பழைய கலவைக் குறிப்புகளைப் புரட்டினால் நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்கு ஒன்று எட்டிப் பார்க்கும்: பெருங்காயம். கூடவே சோம்பு எண்ணெய், மீன் எண்ணெய், பீவர் என்ற நீர்விலங்கின் சுரப்பி, ஸ்கங்க் என்ற சிறு விலங்கு பீய்ச்சுகிற நாற்றத் திரவம், சில குறிப்புகளில் புனுகு. நாம் ரசத்தில் போடுகிற பிசின், அங்கே ஒரு காட்டு விலங்கை மூக்கைப் பிடித்து இழுக்கப் பயன்படுகிறது.

கொயோட்டி, உருவத்தில் ஓநாய்க்கும் குள்ளநரிக்கும் நடுவில் நிற்கிற ஒரு வட அமெரிக்க விலங்கு. எடை 9 முதல் 20 கிலோ வரை. ஓநாய்களை மனிதர்கள் ஒழித்த இடங்களிலெல்லாம் இது பரவிவிட்டது. ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குப் பகை; குளிர்காலத்தில் ரோமத்துக்காகவும் பிடிக்கிறார்கள். சாப்பாட்டு ஆசையை மட்டும் நம்பிப் பிடிக்கப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அதனால் கடையில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது: இரை, 'லூர்' எனப்படும் வாடைக் கலவை, மூத்திரம்.

இரை: வயிற்றுக்கான அழைப்பு

துண்டு போட்டுப் பதப்படுத்தி, பாதி புளிக்கவிட்ட இறைச்சிதான் இரை. பொறியை அமைக்கும் முறையை வைப்பு என்பார்கள். இரைக்கென்று உள்ளது குழி வைப்பு. சுமார் 45 பாகைச் சாய்வில், ஏதோ ஒரு பிராணி தன் தீனியைப் புதைத்துவிட்டுப் போனது போல ஒரு சிறு குழி தோண்டுவார்கள். அடியில் ஒரு கரண்டி இரை. குழி வாய்க்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, மண்ணுக்கடியில், மிதித்ததும் காலைக் கவ்வுகிற கால் பொறி, ஆடாமல் அசையாமல். கொயோட்டி குழிக்குள் மூக்கை நீட்டும்போது முன்னங்கால் பொறித்தட்டில் விழ வேண்டும்.

கடுங்குளிரில், தீனி கிடைக்காத நாட்களில், இரைக்கு ஈடில்லை. குறை, அது எல்லோரையும் கூப்பிடும் என்பது. ரக்கூன், ஸ்கங்க், அபோசம் போன்ற சிறு காட்டுப் பிராணிகள், பக்கத்துப் பண்ணை நாய் என்று வரிசை கட்டி வந்துவிடும். ஒரு ஸ்கங்க் சிக்கினால் அன்றைக்கு அந்த வைப்பு போச்சு, போட்டிருக்கும் சட்டையும் போச்சு. வெயில் காலத்தில் ஈயும் எறும்பும் வேறு. கழுகும் பருந்தும் கண்ணால் பார்த்தே வருவதால், மேலிருந்து தெரிகிற மாதிரி பொறிக்கருகில் இரை போடக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது.

லூர்: ஒரு சொட்டில் நாலு வேலை

சுவாரஸ்யம் இங்கேதான். இரை கரண்டிக் கணக்கு, லூர் பட்டாணி அளவு. ஆனால் எல்லா லூரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தீனி வாடை ஒன்று. அன்னிய கொயோட்டியின் சுரப்பிகளை அரைத்துச் செய்த சுரப்பி லூர் ஒன்று: 'என் எல்லையில் எவன்?' என்று கேட்க வைக்கும். பீவர் சுரப்பியும் பெருங்காயமும் சேர்கிற ஆர்வ வாடை, இது என்னவென்று பார்த்துவிடலாமே என்று இழுக்கும். ஸ்கங்க் திரவம் கலந்தது தூரத்து அழைப்பு. காற்றில் வெகு தொலைவு போகும், உறைகுளிரிலும் மங்காது. வாடை சீக்கிரம் ஆவியாகாமலும் உறையாமலும் இருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள்.

புதிதாகப் பொறி வைக்கிறவர்கள் நாற்றம் எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்று புட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பலமான வாடையைக் கண்டால் கொயோட்டி, நம் தெருநாய் செத்த எலி மேல் புரள்வது போல, தோளைத் தேய்த்துப் புரள ஆரம்பித்துவிடும். புரள்கிற பிராணியின் கால் எங்கே படும் என்று யார் கண்டது? மறுநாள் போய்ப் பார்த்தால் பொறி வெறுமனே மூடிக் கிடக்கும், உள்ளே நாலு மயிர்.

வாடைக்கு வாடை நடத்தை மாறுகிறது என்பதை அமெரிக்க அரசு ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில வாடைகள் தோண்ட வைக்கும், சில புரள வைக்கும், சில கடித்து இழுக்க வைக்கும். கால் பொறிக்குக் கடிக்கிற ஆசை உதவாது. ஆனால் எம்-44 என்ற சயனைடு கருவிக்கு அதுதான் தேவை: வாடை தடவிய தலையைக் கடித்து இழுத்தால் விஷத்தூள் வாய்க்குள் பீய்ச்சும். 2017-ல் ஐடஹோ மாநிலத்தின் பொகடெல்லோ அருகே ஒரு சிறுவன் அப்படி ஒன்றைத் தெரியாமல் தொட, அவன் கண் முன்னாலேயே வளர்ப்பு நாய் செத்தது. 2023-ல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை தன் நிலங்களில் அதற்குத் தடை போட்டது. அந்த விஷக் குப்பிகளைத் தயாரித்த அரசுக் கிடங்கு இருந்ததும் பொகடெல்லோவில்தான்.

மூத்திரம்: மலிவு, ஆனால் மட்டமில்லை

கொயோட்டி மூத்திரம், நரி மூத்திரம் இரண்டும் புட்டியில் கிடைக்கும். குழி வேண்டாம். தனியாக நிற்கிற ஒரு புல் குத்து, பழைய எலும்பு, காய்ந்த சாணி, இதில் ஏதாவது ஒன்றின் மேல் நாலு பீச்சு. பக்கத்துச் சமதரையில் பொறி. இந்த அழைப்பு பெரும்பாலும் நாய் இனத்துக்குத்தான் புரியும். ரக்கூன் சட்டை செய்யாமல் போய்விடும். ஒரு முறை இரை வைத்த பொறியில் அடிபட்டுத் தப்பிய கிழ கொயோட்டி, குழியைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போகும். மூத்திர வாடை அதற்குத் தினமும் பார்க்கிற விஷயம், சந்தேகம் வராது. மழை கழுவிவிடும், திரும்பத் திரும்ப விட வேண்டும் என்பதுதான் தொல்லை.

நான்காவதாக ஆய்வகச் சரக்கு ஒன்றும் உண்டு: புளித்த முட்டையின் வாடையை வேதிப்பொருளாகப் பிரித்துச் செய்த கொழுப்பு அமில வில்லை. 1970களில் கொயோட்டி எண்ணிக்கையைக் கணிக்க, 1 மீட்டர் விட்ட வட்டத்தில் சலித்த மண்ணைப் பரப்பி, நடுவில் புளித்த முட்டை வாடையை வைத்து, விடிந்ததும் கால்தடம் பார்த்தார்கள். வில்லையின் பலமெல்லாம் எங்கே வைத்தாலும் ஒரே வாடை என்பது. கணக்கெடுக்க அது போதும். பிடிக்க நான் அதை வாங்க மாட்டேன்.

எப்போது எது?

இலையுதிர் காலத்தில் குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து ஊர் சுற்றும். அனுபவம் கிடையாது, எதையும் முகரும். இரையும் தீனி லூரும் அப்போது நன்றாக எடுபடும். ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் பருவம். அப்போது வயிறு பின்னால் போய்விடும். சுரப்பி லூரும் மூத்திரமும் முன்னே வரும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் மூத்திரப் புட்டியைச் சொல்வேன். இரையை நம்பி அலைகிறவர்களுக்கு இது பிடிக்காது. இன்னொரு கணக்கும் உண்டு: ரேடியோ பட்டை கட்டி டெக்சஸில் செய்த ஆய்வில், கொயோட்டிகள் தங்கள் எல்லைக்கு நடுவில் சிக்கியதைவிட ஓரத்திலும் வெளியிலும்தான் அதிகம் சிக்கின. சொந்த வீட்டுக்குள் ஒரு புது நாற்காலி வந்தாலும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. வெளியூரில் எல்லாமே புதுசு. ஆகவே எல்லைத் தடத்தில், காற்று வாட்டம் பார்த்து வைத்த மலிவுச் சரக்கு, இடம் தெரியாமல் வைத்த விலை உயர்ந்த லூரைவிட மேல்.

எதை வாங்கினாலும், புட்டி திறந்த கையுறையோடு பொறியைத் தொடக் கூடாது. தொட்டால் கொயோட்டி குழியை விட்டுவிட்டுப் பொறியைத்தான் தோண்டும்.