கிராம்பு எண்ணெயா, யூகலிப்டஸ் தைலமா?

இரண்டையும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கிராம்பு எண்ணெய் அடியில் போய் உட்காரும், யூகலிப்டஸ் தைலம் மேலே மிதக்கும். வேதியியல் வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால் என்ற சேர்மம். பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். அது ஒரு பீனால்; அதாவது, பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதி ஒட்டிய வகை. பாக்டீரியாவின் செல்சவ்வைக் குலைக்கும், நரம்பு வலிச் சைகையையும் மழுங்கடிக்கும். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பது இதை வைத்துத்தான். ஆனால் நேரடியாக ஈறில் வைத்தால் புண்ணாகலாம்; நீர்க்கச் செய்தே தொட வேண்டும்.

யூகலிப்டஸில் ஆட்சி சினியோல் என்ற சேர்மத்துக்கு. மருந்துத் தரத் தைலத்தில் குறைந்தது 70 சதவீதம். இதில் பீனாலின் ஹைட்ராக்சில் கிடையாது, அதனால் கிருமிக்கொல்லியாகக் கிராம்புக்கு ஈடாகாது. சளியை இளக்குவதில்தான் இதன் கெட்டிக்காரத்தனம். மூக்கு திறந்தது போலத் தோன்றுவதில் பாதி, குளிர்ச்சியை உணரும் நரம்பு ஏற்பிகள் காட்டும் வித்தை!

கிருமி என்றால் என் ஓட்டு கிராம்புக்கே. அப்புறம், யூகலிப்டஸைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சில மில்லிலிட்டர் விழுங்கினாலே வலிப்பு வரலாம்.