டைனகோ எஸ்டி-70: பேஸ் தளர்வதும் சரிசெய்வதும்

1959-இல் வந்த டைனகோ எஸ்டி-70 வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு நான்கு ஈஎல்34 பவர் வால்வுகள், சேனலுக்கு 35 வாட். குரலும் வயலினும் அருமையாக வரும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தளரும். உடனே பெரிய ஆம்ப் தேடுவது வீண்செலவு. 35 வாட்டை 70 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

முதலில் பயாஸை, அதாவது சிக்னல் இல்லாதபோதும் வால்வில் ஓடும் கரண்ட்டை நிர்ணயிக்கும் அமைப்பை, பாருங்கள். ஒரு சேனலின் இரண்டு வால்வுகளுக்கும் பொதுவாக ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர்; அதில் 1.56 வோல்ட் வந்தால் ஆளுக்கு 50 மில்லியாம்ப் என்பது கணக்கு. ஒன்று 60, மற்றது 40 இழுத்தாலும் மீட்டர் அதே 1.56-ஐத்தான் காட்டும். அந்த வித்தியாசம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் கோரை (இரும்பு மையத்தை) ஒருபக்கமாகக் காந்தமாக்கிவிடும். அதனால் கோர் முதலில் திணறுவது பேஸில்தான். கூடவே ஹம்மும் (ரீங்காரம்) ஏறும். ஒவ்வொரு வால்வுக்கும் தனி 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரும், பயாஸைத் திருகிச் சரிசெய்யத் தனி பொட்டென்ஷியோமீட்டரும் போடுங்கள். 0.4 வோல்ட், அதாவது 40 மில்லியாம்ப் போதும். வால்வும் நெடுநாள் உழைக்கும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ஆஃப் செய்தபின் கெபாசிட்டர் இறங்கிவிட்டதா என்று அளக்காமல் கை வைக்கவே கூடாது.

சிக்னலை மட்டும் அடுத்த வால்வுக்குக் கடத்தும் பழைய 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர்கள் லீக் ஆனால் கிரிட்டுக்கு (வால்வின் கட்டுப்பாட்டு முனைக்கு) பாசிட்டிவ் வோல்ட் போய் வால்வின் பிளேட் சிவக்கும். 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள், ஆனால் மதிப்பைக் கூட்ட வேண்டாம். கிரிட்டில் உள்ள 270 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் சேர்ந்து அது 6 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அதற்கும் கீழே போனால் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளே திருப்பும் சுற்று) நிலைகுலைந்து, படகு மோட்டார் மாதிரி 'டப்டப்' சத்தம் வரும். மெயின் ஃபில்டரிலும் பேராசை ஆகாது: ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபயரை ஒட்டிய கெபாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுவதானால் சோக்குக்கு (ஃபில்டர் சுருளுக்கு) பிறகு கூட்டலாம்.

8 ஓம் ஸ்பீக்கரை ஆம்ப்பின் 4 ஓம் டேப்பிலும் (ஸ்பீக்கர் இணைப்பு முனையிலும்) மாட்டிக் கேளுங்கள். பவர் சற்றுக் குறையும், கோனின் மீது பிடி இறுகும். சின்ன அறையில் பலருக்கு இதுவே போதும்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் பெரிய முன்னேற்றம், அடி பேஸை இந்த ஆம்ப்பிடமிருந்து எடுத்து, சொந்த ஆம்ப் உள்ள பேஸ் ஸ்பீக்கரான பவர்டு சப்வூஃபரிடம் விட்டுவிடுவதுதான். இன்புட்டில் 470 கிலோ ஓம் இருப்பதால், சிக்னல் ஒயரில் தொடராக 4.7 நானோஃபாரட் வைத்தால் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு விழும். 36 ஹெர்ட்ஸில் ஆம்ப் கொடுக்க வேண்டிய பவர் ஐந்தில் ஒன்றாகிவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்காது, குரலும் தெளியும். சப்வூஃபருக்கான சிக்னலை அந்தக் கெபாசிட்டருக்கு முன்பே, ப்ரீஆம்ப்பிலிருந்து (இந்த ஆம்ப்புக்கு முந்தைய கருவி) பிரியுங்கள். ஸ்பீக்கர் முனையில் எடுத்தால் வெட்டிய பேஸ்தான் கிடைக்கும். சப்வூஃபரின் கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸ் வரை அது ஒலிக்கும் என்ற எல்லையை) 70 ஹெர்ட்ஸில் வைத்து, ஃபேஸ் சுவிட்சை இருபக்கமும் மாற்றிப் பார்த்து, பேஸ் நிறைந்து கேட்கும் பக்கத்தில் விடுங்கள்.