கொசுமெல்லில் ஏழெட்டு மணி நேரம்: குழந்தைகளோடு எந்த பீச் கிளப்?

டெக்சஸில் ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் பள்ளி விடுமுறைக்கு கால்வெஸ்டன் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் ஏறினால், வழியில் மெக்சிகோவின் கொசுமெல் தீவு அநேகமாக வந்துவிடும். காலையில் இறக்கிவிடுவார்கள், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த இடைவெளிக்கு எந்த பீச் கிளப், அதாவது நாற்காலி, குளம், சாப்பாடு எல்லாம் இருக்கும் கடற்கரை இடம், நல்லது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். சொல்கிறவர் வீட்டுக் குழந்தைக்கு என்ன வயது, கூடப் பெரியவர்கள் போனார்களா, அவர் குடிப்பவரா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

நாங்கள் இதுவரை மூன்று தடவை போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் குடும்பத்தின் அளவும் வயதும் வேறு.

முதலில் ஊர் அமைப்பு. கப்பல்கள் நிற்பது தீவின் மேற்குக் கரையில். புந்தா லங்கோஸ்தா என்ற துறை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. மற்ற இரண்டு கப்பல் துறைகளும், அதாவது இன்டர்நேஷனல் பியரும் புவெர்த்தா மாயாவும், சற்றுத் தெற்கே. கிளப்புகள் எல்லாம் இன்னும் தெற்கே, ஒரே கடற்கரைச் சாலையில் வரிசையாக. அவற்றுக்குக் கிலோமீட்டர் கல்தான் முகவரி. சான்கனாப் பூங்கா 9.5, ப்ளாயா மியா, பாரடைஸ் பீச், மிஸ்டர் சாஞ்சோஸ் மூன்றும் 14, 15 பக்கம், நாச்சி கோகோம் 16.5. கிழக்குக் கரை அழகோ அழகு, கூட்டமும் கிடையாது. ஆனால் திறந்த கடல், அலை அடித்து இழுக்கும், சர்காசம் பாசியும் அந்தப் பக்கம்தான் அதிகம் ஒதுங்கும். குழந்தைகளோடு அங்கே போவதை நான் யோசிக்கவே மாட்டேன்.

சரி, காசுக்கு வருவோம். கிளப்புகளில் பெரிதாக இரண்டு வகை. ஒரே கட்டணத்தில் சாப்பாடு, குடி, நாற்காலி, நீச்சல்குளம் எல்லாம் அடங்கியது ஒன்று. மிஸ்டர் சாஞ்சோஸும் நாச்சி கோகோமும் இந்த வகை. நுழைவுக்கும் விளையாட்டுக்கும் ஒரு கட்டணம், சாப்பிடுவதற்குத் தனிக் கணக்கு என்பது இன்னொன்று. எல்லாம் அடங்கியது என்றதும் நமக்கு நிம்மதி வரும், ஹோட்டலில் அன்லிமிடெட் மீல்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்த மாதிரி. ஆனால் பெரியவர்கள் கட்டணத்தில் கணிசமான பங்கு மார்கரீட்டாவுக்கும் பியருக்கும் போகிறது. எங்கள் வீட்டில் குடிப்பவர் என் கணவர் ஒருவர்தான், அவரும் ஒரு பியரோடு நிறுத்திக்கொள்வார். மாமனார் மாமியாருக்கும் சேர்த்து அந்தக் கட்டணம் கட்டினால், பக்கத்துக் குடையில் ஆறாவது கிளாஸை நீட்டுகிறவருக்கு நாம் மொய் எழுதுகிறோம் என்று அர்த்தம். நண்பர்கள் நாலு ஜோடியாகப் போகிறீர்கள் என்றால் கணக்கே தலைகீழ்; அப்போது மிஸ்டர் சாஞ்சோஸ் நல்ல பேரம்.

தனிக் கணக்கு வகையிலும் ஒரு பள்ளம் உண்டு. முதல் தடவை அதில் விழுந்தோம். பையனுக்கு அப்போது நாலு வயது. ‘நுழைவு இலவசம்’ என்ற பலகையை நம்பி ஒரு கிளப்புக்குள் போய்விட்டோம். பெயர் வேண்டாம். கிளம்பும்போது பில்லைப் பார்த்தால், தலைக்கு இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கில் பையனும் ஒரு தலை. அவன் அன்று தின்றது அரைத் தட்டு ஃப்ரெஞ்ச் ஃப்ரை. அதிலிருந்து, உட்காரும் முன்பே குறைந்தபட்சத் தொகை உண்டா, குழந்தைக்கும் உண்டா, விலை டாலரிலா பெசோவிலா என்று மூன்று கேள்வியும் கேட்டுவிடுகிறேன். மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே டாலர் குறிதான் போடுவார்கள்.

இரண்டாவது தடவை மாமனார் மாமியாரோடு சான்கனாப். மாயன் மொழியில் ‘சின்னக் கடல்’ என்று பொருள். இது கிளப்பே இல்லை, நுழைவுச்சீட்டு வாங்கிப் போகும் பூங்கா. மரநிழல், நடைபாதை, நடுவில் ஒரு காயல், அப்புறம் கடல். கரை பெரும்பாலும் பாறை. படிக்கட்டில் இறங்கினால் உடனே ஆழம். தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தைக்கு இது சரிப்படாது. ஆனால் முகமூடி மாட்டிக்கொண்டு மிதக்கத் தெரிந்தவர்களுக்குக் கரையிலிருந்து பத்தடியிலேயே மீன் கூட்டம். நீருக்கடியில் ஒரு கிறிஸ்து சிலைகூட உண்டு. 2025இல் மெக்சிகோ கடல் பாலூட்டிகளை வைத்துக் காட்சி நடத்துவதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதனால் இங்கே கடற்சிங்கக் காட்சி இருக்கும் என்று நம்பிக் குழந்தைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமியாருக்கு மீனும் வேண்டாம், சிலையும் வேண்டாம். நாற்காலியிலிருந்து ஆறடி தள்ளி, சுண்ணாம்புப் பாறையில் முழங்கை நீளத்துக்கு ஓர் இக்வானா கிடந்தது. முதுகெல்லாம் சீப்புப் பல், தாடைக்குக் கீழே தொங்கும் தோல். “நம்ம ஊரு ஓணானுக்குத் தாத்தா மாதிரி இருக்கேம்மா” என்று ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு தடவை தலையை ஆட்டியதைப் போனில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

மூன்றாவது தடவை, பையனுக்கு எட்டு, பாப்பாவுக்கு மூன்று. பாரடைஸ் பீச் போனோம். பெரிய நீச்சல்குளம், கடலுக்குள் காற்றடைத்த விளையாட்டுப் பொருட்கள். பனிப்பாறை மாதிரி ஒன்று மிதக்கும். பிடி பிடித்து ஏற வேண்டும். பையன் பாதிவரை ஏறுவான், ஈரக் கை வழுக்கும், பொத்தென்று தண்ணீரில் விழுவான், லைஃப் ஜாக்கெட் அவனைத் தக்கை மாதிரி மேலே தள்ளும், மறுபடி ஏறுவான். எண்ணிப் பார்த்தேன், பதினேழு தடவை. பாப்பாவுக்கு அங்கே குளத்தின் ஓரமும் மணலும்தான். அவளுக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ப்ளாயா மியாவுக்குப் போயிருப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கென்று ஆழமில்லாத குளம், சறுக்கு என்று அமைத்திருப்பது அங்கேதான். கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

நாச்சி கோகோம் வேறு ரகம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருப்பதால் முன்பதிவு இல்லாமல் போய் நிற்க முடியாது. அமைதி, நிழல், உட்கார வைத்துப் பரிமாறும் சாப்பாடு. வயதானவர்களுக்குச் சொர்க்கம், எட்டு வயதுக்காரனுக்குச் சிறை.

சாப்பாட்டில், சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மசித்த பீன்ஸ் பார்க்க அப்பாவியாக இருக்கும். பல இடங்களில் அதைத் தாளிப்பதே பன்றிக் கொழுப்பில். சோற்றையும் கோழிச் சாற்றில் வேகவைப்பது வழக்கம். ‘சின் மந்தேக்கா’, அதாவது கொழுப்பு இல்லாமல் என்று கேளுங்கள். நான் கேட்டபோது பரிமாறிய பையன் நேர்மையாகத் தலையாட்டி மறுத்து, தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். மக்காச்சோள ரொட்டியான டார்ட்டியா, அவகாடோ மசியலான குவாக்கமோலே, வெறும் சீஸ் வைத்த கெசடியா, பழத்தட்டு, இவ்வளவுதான் நம்பி உண்ணலாம். கப்பலிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். சமைத்த உணவையும் பழத்தையும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

டாக்சிக்கு மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். துறையிலேயே பலகை இருக்கும். நாலு பேருக்கு மேல் என்றால் கட்டணம் ஏறும். கார் சீட்டை எதிர்பார்க்காதீர்கள்.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டெக்சஸ் நேரத்தில் ஓடும் கப்பலுக்குக் குளிர்காலத்தில் கொசுமெல் ஒரு மணி நேரம் முன்னால். தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும் போனை நம்பினால் நீங்கள் சீக்கிரம் திரும்புவீர்கள், நஷ்டமில்லை. ஆனால் கிளப்பில் பத்து மணிக்குப் பதிவு என்றால் அது கப்பலில் ஒன்பது. ஃப்ளோரிடாவிலிருந்து கோடையில் போகிறவர்களுக்கு நேர்மாறு. போன் ஒரு மணி நேரம் பின்னால் காட்டும், நீங்கள் இரண்டாவது இளநீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது கப்பல் புறப்பட்டுவிடும். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். விலை கூடுதல்தான், ஆனால் பயந்த சுபாவக்காரர்களுக்கு அந்தக் கூடுதல் வீண் இல்லை. நாங்கள் தனியாகத்தான் போவோம், கையில் கப்பல் நேரம் வைத்த பழைய கைக்கடிகாரத்தோடு.

இந்த டிசம்பரில் மாமனார் மாமியார் மறுபடி வருகிறார்கள், கப்பலும் பதிவாகிவிட்டது. பையன் பனிப்பாறைதான் வேண்டும் என்கிறான். நான் நாச்சி கோகோமுக்கு எழுதிக் கேட்டு வைத்திருக்கிறேன். போனில் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த ஓணான் இருக்கிற இடத்துக்குத்தானே போறோம்?”