ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெயின் பெல்லட்: 50 மீட்டர் வரை நம்பலாம்

காற்றுத் துப்பாக்கிக்கான .177 காலிபர் (4.5 மி.மீ.) ஈயக் குண்டு இது. செக் நாட்டுத் தயாரிப்பு, டப்பாவுக்கு 500. எடை (8.44 கிரெயின், அதாவது சுமார் 0.55 கிராம்) சீராக இருக்கிறது. பாவாடை (குண்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கியவை சில கிடக்கும், கழித்துவிடுங்கள். தலை அளவு 4.51, 4.52, 4.53 மி.மீ. மூன்றையும் உங்கள் குழாயில் சுட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

16 ஜூல் ரைஃபிளில் விநாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகம். காற்றில்லாவிட்டால், நல்ல பிசிபியில் (முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றில் சுடும் ரைஃபிள்) 50 மீட்டரில் 25 மி.மீ. வட்டத்துக்குள் குண்டுகளைப் போடுவது சாத்தியம். ஆனால் முகத்தில் லேசாகப் படும் 2 மீ/வி பக்கக் காற்றே அங்கு 6 செ.மீ. தள்ளிவிடும், 100 மீட்டரில் கால் மீட்டருக்குக் குறையாது. ஸ்கோப்பை மாற்றினாலும் இது மாறாது. குண்டின் வேகம் 3 மீ/வி முன்னே பின்னே போனால் 100 மீட்டரில் உயரமும் 3 செ.மீ.க்கு மேல் பிசகும். அத்தனை தூரம்தான் வேண்டுமென்றால் .25 காலிபரில் (6.35 மி.மீ.) கனமான குண்டும் அதற்கேற்ற சக்தியும் தேவை.